ஆசனமும் உரிமையும்
தலைமன்னார்ப் புகையிரதப் பாதை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஓர் ஆவணி மாதம். மடுத் திருவிழாவை ஒட்டித் தலைமன்னார் நோக்கிச் சென்றுகொண்டிருந்த இரவுப் புகையிரதத்தில் பொல்காவலை நிலையத்தில் ஏறினேன். கையில் முற்பதிவு செய்த பிரயாணச்சீட்டு இருந்தது. அதில் பெட்டியின் இலக்கமும் ஆசனத்தின் இலக்கமும் தெளிவாக இருந்தன. ஆயின் அவ்வாசனத்தில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். அவரைச் சூழ ஒரு குடும்பம், மூட்டை முடிச்சுகள், உறங்கும் குழந்தைகள். சீட்டைக் காட்டினேன். குடும்பத் தலைவர் அதனைப் பார்க்கவும் விரும்பாதவராய், "தம்பி, நீங்கள் இளந்தாரி. நிண்டுகொண்டு வரலாந்தானே" என்றார். பெட்டியிலிருந்தோர் உடனே இரு கட்சியாயினர். ஒரு சாரார் சீட்டின் பக்கம் பேசினர். மறுசாரார் மூப்பின் பக்கம் பேசினர். அநுராதபுரம் வரை நின்றுகொண்டே சென்றேன்.

இது நாள்தோறும் நிகழும் சிறு பிணக்கு. வரலாற்று மாணவன் பொருட்படுத்தத்தக்கதன்று எனச் சிலர் கூறக்கூடும். எனினும் அன்றிரவு கால்கள் கடுக்க நின்றபோது ஒரு வினா எழுந்தது. ஓர் ஆசனம் ஒருவருக்கு உரியது என்பதைத் தீர்மானிப்பது எது? அவர் செலுத்திய பணமா, அவருடைய தேவையா, அவருடைய வலிமையா, அன்றி அவர் பிறந்த குலமும் நிறமுமா? மன்னார்த் தீவை ஊடறுத்துச் செல்லும் அப்பாதையின் வரலாறு இவ்வினாவுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பல விடைகளை அளித்துள்ளது. அவ்விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீட்டு வழங்கிய புதுமை

தமிழர் சமுதாயத்தில் ஆசனம் என்பது வெறும் இருக்கை அன்று. எவர் திண்ணையில் அமரலாம், எவர் முற்றத்தில் நிற்க வேண்டும், எவர் பாயிலும் எவர் வெறுந்தரையிலும் இருக்க வேண்டும் என்பன யாவும் பிறப்பினால் வரையறுக்கப்பட்டிருந்தன. வடபகுதிப் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையிலே இருத்தப்பட்டனர். அவர்களுக்கும் வாங்கில் இடமளிக்க வேண்டும் என்ற கோரிக்கை 1920களின் இறுதியில் 'சம ஆசனம்' என்னும் பெயராலேயே வழங்கிற்று என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. சமத்துவம் என்ற பெருங்கருத்தைச் சுட்டுவதற்கு எம்மவர் தேர்ந்துகொண்ட சொல் ஆசனமே.

இத்தகைய சமுதாயத்தில் புகையிரதம் வந்து சேர்ந்தது. இந்தியாவில் 1853 ஆம் ஆண்டு பம்பாய்க்கும் தாணேக்கும் இடையிலும், இலங்கையில் 1864 ஆம் ஆண்டு கொழும்புக்கும் அம்பேபுசைக்கும் இடையிலும் முதற்புகையிரதங்கள் ஓடின. சாதிவாரியாகப் பெட்டிகளைப் பிரித்தால் வண்டி ஓட்டுதல் இயலாது, ஓட்டினும் இலாபம் இராது என்பதைப் புகையிரத நிருவாகங்கள் விரைவில் உணர்ந்துகொண்டன. எனவே அவை குலத்தைக் கேட்கவில்லை, காசைக் கேட்டன. முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்னும் பிரிவு பணத்தின் அடிப்படையில் எழுந்த பிரிவு. அதுவும் ஏற்றத்தாழ்வே என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரே வாங்கில், தோளோடு தோளுரச, முன்பின் அறியாத இருவரை அமரவைத்த முதலிடங்களுள் மூன்றாம் வகுப்புப் பெட்டியும் ஒன்றாகும். பிறப்பு வழங்க மறுத்த இடத்தைச் சிறு துண்டுக் கடதாசி ஒன்று வழங்கியது. இதுவே பிரயாணச்சீட்டின் புரட்சிகரமான அம்சம் எனலாம்.

1890 ஆம் ஆண்டுச் சட்டம்

ஒருவர் இடத்தை இன்னொருவர் கவர்ந்துகொள்ளும் வழக்கம் புகையிரதத்தோடு உடன்பிறந்தது போலும். 1890 ஆம் ஆண்டின் இந்தியப் புகையிரதச் சட்டம் இதனைத் தனியொரு குற்றமாகவே வகுத்துரைத்தது. அச்சட்டத்தின் 109 ஆம் பிரிவு இருபுறமும் வெட்டும் வாள் போன்றது. இன்னொருவருக்கென ஒதுக்கப்பட்ட பெட்டியிலோ, ஏற்கெனவே நிரம்பிய பெட்டியிலோ ஏறிக்கொண்டு, புகையிரத ஊழியர் கேட்டும் இறங்க மறுப்பவருக்கு 20 ரூபாய் வரை தண்டம். அதேபோன்று, தனக்கென ஒதுக்கப்படாததும் நிரம்பாததுமான பெட்டியில் பிறர் ஏறுவதைத் தடுப்பவருக்கும் 20 ரூபாய் வரை தண்டம். பிறர் இடத்தில் அமர்வதும், பிறருக்குரிய வெற்றிடத்தைத் தன்னுடையதெனக் காத்து நிற்பதும் சட்டத்தின் கண்ணில் ஒரே அளவான குற்றங்களாயின.

ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை பேர் ஏறலாம் என்னும் தொகையை எழுதிவைத்தல் வேண்டும் என்றும், மிகக் கீழான வகுப்பிலே பெண்களுக்கெனத் தனியிடம் ஒதுக்குதல் வேண்டும் என்றும் அதே சட்டம் விதித்தது. வலியோர் முந்திக்கொள்ளும் இடத்தில் மெலியோருக்கும் இடம் உண்டு என்பதை உறுதிசெய்வதே ஒதுக்கீட்டின் உயரிய நோக்கம். இந்நோக்கம் நடைமுறையில் எவ்வாறு திரிந்தது என்பதை இனி நோக்குவாம்.

இரு கரைகளை இணைத்த பாதை

1914 ஆம் ஆண்டு மன்னார் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். அவ்வாண்டு பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மதவாச்சியிலிருந்து மடு வீதி, முருங்கன், மன்னார், பேசாலை வழியாகத் தலைமன்னார் இறங்குதுறை வரை இலங்கைப் பக்கத்திலும் இருப்புப்பாதை அமைந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான ஏறத்தாழ 22 மைல் கடலைத் தென்னிந்தியப் புகையிரதக் கம்பனியின் நீராவிக் கப்பல்கள் கடந்தன. கொழும்பில் மாலையில் ஏறியவர் மறுநாட் காலையில் தலைமன்னாரில் இறங்கி, கப்பலேறி, தனுஷ்கோடியில் மீண்டும் புகையிரதமேறிச் சென்னை எழும்பூரை அடையலாம். ஒரே சீட்டு, இரண்டு புகையிரதம், ஒரு கப்பல். 'போட் மெயில்' என மக்கள் நாவில் நிலைத்த சேவை இதுவே.

முதலாம் வகுப்பிற் சென்ற துரைமாருக்கும் செல்வர்களுக்கும் இது உல்லாசப் பயணம். படுக்கையும் உணவும் ஒழுங்காகக் கிடைத்தன. அவர்களுடைய இடத்தில் எவரும் தவறியும் அமர்ந்திருக்க மாட்டார்; அமரத் துணியவும் மாட்டார். ஆயின் இப்பாதையின் பொருளாதார அடிப்படை அவர்களல்லர். கோப்பி, தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழக மக்களே அதன் அடிப்படை. 19 ஆம் நூற்றாண்டில் அவர்களின் முன்னோர் மன்னார்க் கரையில் தோணிகளிலிருந்து இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். நீரின்றியும் நோயுற்றும் வழியில் மாண்டோர் பலர். புகையிரதம் அவர்களை அந்நடையிலிருந்து விடுவித்தது என்பதை மறுத்தல் நியாயமாகாது.

ஆனால் அவர்களுடைய சீட்டு எத்தகையது? 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த 'தகரச்சீட்டு' முறையின்படி, தோட்டத்தைக் குறிக்கும் அடையாளம் பொறிக்கப்பட்ட தகரவில்லை ஒன்று தொழிலாளியின் கழுத்தில் தொங்கியது. பயணச் செலவை அரசு முதலிற் செலுத்திப் பின்னர் தோட்டத்திடமிருந்து பெற்றுக்கொண்டது. மண்டபம் முகாமில் நோய்ப் பரிசோதனைக்காகச் சில நாட்கள் தடுத்துவைக்கப்பட்டு, பின் கப்பலேற்றப்பட்டு, தலைமன்னாரிலிருந்து மலைநாடு நோக்கி அவர்கள் அனுப்பப்பட்டனர். கடதாசிச் சீட்டு அதை வைத்திருப்பவருக்கு ஓர் இடத்தை உரிமையாக்கிற்று. தகரச்சீட்டோ அதை அணிந்திருப்பவரையே ஒரு தோட்டத்திற்கு உரிமையாக்கிற்று. ஒரே வண்டியில், ஒரே பாதையில், இவ்விரு சீட்டுகளும் பயணஞ்செய்தன.

எவருக்காக ஒதுக்கீடு?

ஒதுக்கீடு என்னும் கருத்து மெலியோரைக் காப்பதற்காகவே பயன்பட்டிருப்பின் இவ்வரலாறு எளிதாயிருந்திருக்கும். பிரித்தானிய ஆட்சிக்கால இந்தியாவில் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் மட்டுமே எனச் சில பெட்டிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. பக்கத்துப் பெட்டியில் மக்கள் மூச்சுவிட இடமின்றி நெருங்கியிருக்க, ஒதுக்கப்பட்ட பெட்டி ஓரிருவருடன் செல்வதுண்டு. இங்கு ஒதுக்கீடு உரிமையைக் காக்கவில்லை, சலுகையையே காத்தது.

இது எமது பகுதிக்கு மட்டும் உரியதன்று. இந்தியச் சட்டம் இயற்றப்பட்ட அதே 1890 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலம் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் வேறுவேறு புகையிரதப் பெட்டிகளை விதித்துச் சட்டமியற்றிற்று. 1892 ஜூன் 7 ஆம் திகதி ஹோமர் பிளெசி என்பவர் முதலாம் வகுப்புச் சீட்டுடன் வெள்ளையர் பெட்டியில் அமர்ந்து, எழ மறுத்துக் கைதானார். 1896 இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. பிளெசி கைதாகிச் சரியாக ஓராண்டின் பின், 1893 ஜூன் 7 ஆம் திகதி, தென்னாபிரிக்காவின் பீற்றர்மரிற்ஸ்பேர்க் நிலையத்தில் முதலாம் வகுப்புச் சீட்டு வைத்திருந்த ஓர் இளம் வழக்கறிஞர், சாமான் பெட்டிக்குச் செல்ல மறுத்தமைக்காக வண்டியிலிருந்து தள்ளப்பட்டார். அவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. குளிர் நிறைந்த தங்கறையில் அவர் கழித்த அவ்விரவு வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் சீட்டு உண்மையானது, பணம் செலுத்தப்பட்டது, இடமும் இருந்தது. இல்லாதிருந்தது அதிகாரத்தின் ஒப்புதல் மட்டுமே. இதிலிருந்து ஒரு வேறுபாட்டை நாம் தெளிந்துகொள்ளலாம். பிறர் ஆசனத்தைக் கவர்தல் இருவகைப்படும். தனிமனிதன் ஒருவன் முந்தியேறிக் கவர்ந்துகொள்வது ஒருவகை. சட்டமும் அதிகாரமும் சேர்ந்து ஒரு கூட்டத்தாரிடமிருந்து கவர்ந்துகொள்வது மற்றொருவகை. முன்னதை ஒரு சீட்டுப் பரிசோதகர் தீர்த்துவைக்கலாம். பின்னதைத் தீர்த்துவைக்கத் தலைமுறைகள் தேவைப்பட்டன.

அதே காந்தி 1917 ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பிற் பயணஞ்செய்து, தம் அநுபவத்தைப் பத்திரிகைகளுக்கு எழுதினார். 22 பேருக்கென அமைந்த பெட்டியில் பயணத்தின் பெரும்பகுதியில் 35 பேருக்குக் குறையாமல் இருந்தனர் என்றும், தொடக்கத்தில் எண்ணிக்கை கட்டுக்குள் இருந்ததற்குக் காரணம் துணிச்சல் மிக்க பிரயாணிகள் வாயிலில் நின்று மற்றவரைத் தடுத்தமையே என்றும் அவர் குறிப்பிட்டார். சட்டம் 20 ரூபாய் தண்டம் விதித்த அதே செயல் இங்கே பெட்டியின் காவலாக மாறியிருந்தது. முதலாம் வகுப்பில் அதிகாரம் இடத்தைப் பங்கிட்டது; மூன்றாம் வகுப்பில் தோள்வலி பங்கிட்டது. போதிய இடத்தை வழங்காதவர் எவரோ, அவரைப் பற்றிய நினைவின்றி ஏழைகள் தம்முள் முட்டிமோதிக்கொண்டனர். இன்றும் பெரும்பாலான ஆசனப் பிணக்குகளின் அடியில் இவ்வுண்மை மறைந்திருக்கக் காணலாம்.

எவரும் பறிக்க விரும்பாத ஆசனங்கள்

தலைமன்னார்ப் பாதையின் வரலாற்றில் மிகத் துயரமான அத்தியாயத்தில் ஆசனத்துக்காக எவரும் போட்டியிடவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களை எண்ணிக்கையாகக் கொண்டு பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பின்னர் தீர்மானிக்கப்படும். அவர்களையும் 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அம்மக்களிடம் எவரும் விருப்பம் கேட்டு ஒப்பந்தத்தை எழுதவில்லை.

ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதங்கள் நிறைவதற்குள், 1964 டிசம்பர் 22 ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பிரயாணிகள் வண்டி ஒன்று கடலலையில் மூழ்க, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. 'இராமானுஜம்' என்னும் அக்கப்பலிலேயே தாயகம் திரும்புவோர் எனப் பெயரிடப்பட்ட மக்கள் கடலைக் கடந்தனர். அவர்களுட் பலர் தாயகம் எனப்பட்ட அந்நாட்டை முன்பு கண்டதே இல்லை.

பதுளையிலிருந்தும் அட்டனிலிருந்தும் கண்டியிலிருந்தும் அவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுவந்த வண்டியை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தனர். நிலையங்களிலே உறவினர் வண்டியின் யன்னலைப் பற்றிக்கொண்டு அழுதனர். தந்தை ஒரு நாட்டுக்கும் மகன் மறு நாட்டுக்கும் எனப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. அவ்வண்டியில் அவர்களுடைய பயணநாள் குறிக்கப்பட்டிருந்தது; பத்திரங்கள் ஒழுங்காயிருந்தன; இடமும் உறுதியாயிருந்தது. கழுத்தில் தகரச்சீட்டுடன் மலையேறிய பாட்டனின் பேரன், கையில் கடவுச்சீட்டுடன் அதே பாதையில் இறங்கிச் சென்றான். அவனுக்கென உறுதிசெய்யப்பட்ட ஆசனத்தை எவரேனும் பறித்துக்கொண்டிருப்பின் ஒருவேளை அவன் நன்றி கூறியிருப்பான். ஆசனம் ஒதுக்கப்படுவது மட்டுமே உரிமையாகிவிடாது. பயணம் செய்வதா, வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் சுதந்திரமும் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி எமக்கு உணர்த்துகின்றது.

1980களின் முற்பகுதியில் நாட்டின் நிலை சீர்கெடக் கப்பற் சேவை நின்றது. 1990 இல் போர் மூண்டபோது வடக்குக்கான புகையிரதமும் நின்றது. மன்னார்க் கரையிலிருந்து மக்கள் படகேறி இராமேஸ்வரத்துக்கு ஓடினர். அப்படகுகளில் இலக்கமிட்ட ஆசனமில்லை. ஏற்றக்கூடியோர் தொகை எழுதப்பட்ட பலகையுமில்லை. ஒருகாலத்தில் தோட்டத்துக்குச் செல்வோரைத் தடுத்துவைத்த மண்டபம் முகாமே மன்னாரிலிருந்து சென்ற அகதிகளுக்கும் தங்குமிடமாயிற்று. அதே 1990 இன் ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர் ஒரு சில நாட்களில் தம் இடத்தை இழந்தனர். மற்றவர் எமக்கிழைத்த அநீதியை எழுதுகின்ற கை எம்மவர் இழைத்த அநீதியையும் எழுதத் தயங்குதல் ஆகாது.

மீண்ட பாதை

போர் முடிந்தபின் இந்தியக் கடனுதவியுடன் பாதை மீளமைக்கப்பட்டது. 2013 இல் மடு வீதி வரையும், 2015 மார்ச் 14 ஆம் திகதி தலைமன்னார் இறங்குதுறை வரையும் புகையிரதம் மீண்டும் சென்றது. கால் நூற்றாண்டின் பின் வண்டியின் கூவலைக் கேட்ட பேசாலை முதியோர் எவ்வாறு உணர்ந்திருப்பர் என்பதை எம் தலைமுறையினர் ஊகித்தறியவே முடியும்.

இன்று ஆசன இலக்கத்தைக் கணனி வழங்குகின்றது. இந்தியாவில் 1890 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை எடுத்த 1989 ஆம் ஆண்டுச் சட்டமும் ஒதுக்கிய இடத்தைக் கவர்வோருக்கான தண்டத்தை 500 ரூபாய் வரை உயர்த்தியது. வானூர்தியில் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசனம் நிச்சயம் எனக் கருதுகிறோம். எனினும் 2017 ஏப்ரலில் சிக்காகோ வானூர்தி நிலையத்தில், சீட்டு வாங்கித் தம் ஆசனத்தில் அமர்ந்திருந்த ஒரு மருத்துவர், நிறுவன ஊழியருக்கு இடம் தேவைப்பட்டமையால் பலவந்தமாக இழுத்துச் செல்லப்பட்ட காட்சியை உலகம் முழுவதும் கண்டது. கருவிகள் மாறினும், வலியவர் வேண்டும்போது மெலியவரின் சீட்டு வெறுங் கடதாசியாகிவிடும் என்னும் அச்சம் முற்றாக நீங்கிவிடவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படும். இலக்கமிட்ட ஆசனம் அற்பமான வசதியன்று. குலத்தையும் நிறத்தையும் தோள்வலியையும் கேளாது, 'இது உனக்குரியது' என முன்பின் அறியாத ஒருவருக்குச் சமுதாயம் வழங்கும் வாக்குறுதி அது. அவ்வாக்குறுதி சிலருக்கு மறுக்கப்பட்டது. சிலருக்கு மிகையாக வழங்கப்பட்டது. சிலருக்குத் தண்டனையாகவே திணிக்கப்பட்டது. இவ்வளவு துன்பங்களினூடாக எய்திய ஓர் ஒழுங்கை, 'சற்று நேரந்தானே' என்ற எண்ணத்தோடு நாம் மீறுகிறோம்.

அவ்வாறாயின் அந்த மூதாட்டியை எழுப்பியிருத்தல் வேண்டுமா? வேண்டியதில்லை என்றே இப்போதும் கருதுகிறேன். தேவை என்பது உரிமையிலும் பெரிதாகும் வேளைகள் உண்டு. ஆயின் தேவையுடையோர் கேட்க வேண்டும். உரியவர் கொடுக்க வேண்டும். கேட்டுப் பெறும்போது இருவருக்கும் மதிப்பு உண்டாகிறது. கேளாமற் கொள்ளும்போது கொடுத்தவனும் இழந்தவனாகிவிடுகிறான். அன்றிரவு என் மனத்தை உறுத்தியது கால்வலியன்று. எவரும் என்னைக் கேட்கவில்லை என்பதே.

ஒன்றை மறையாது கூறுதல் வேண்டும். திரும்பி வந்த பயணத்தில் எனக்கு முற்பதிவு கிடைக்கவில்லை. மன்னாரில் வெறுமையாயிருந்த ஓர் ஆசனத்தில் அமர்ந்துகொண்டேன். மதவாச்சியில் ஒருவர் சீட்டுடன் வந்து நின்றபோது, நான் உடனே எழவில்லை. அவர் இலக்கத்தை இருமுறை வாசித்துக் காட்டும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் எழுந்தேன். வரலாறு என்பது பிறர் செய்தவற்றின் பதிவு மட்டுமன்று என்பதை அந்தச் சில கணங்களிற் கற்றுக்கொண்டேன்.